கல் நடாத லே-அவுட்: கலிஃபோர்னியா ஃபாரெவர், ஒரு பழைய சர்வேயரின் மதிப்பீடு

அமெரிக்காவில் 'கலிஃபோர்னியா ஃபாரெவர்' என்ற கம்பெனி புதிதாகக் கட்டப்போவதாகச் சொல்லும் ஊருக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டரை. வரைபடத்துக்கு நாலு, நிலம் வாங்கிய விதத்துக்கு ஒன்று. கூட்டி இரண்டால் வகுத்தது. தண்ணீருக்கும் பாதைக்கும் இன்னும் மதிப்பெண் போடவில்லை, காகிதம் வரட்டும்.

குடிபோக ஒரு வீடுகூட இல்லாத ஊருக்கு எதற்கு விமர்சனம் என்று கேட்பீர்கள். நம்மூரில் மனை விற்பவர்கள் வேன் வைத்துக் கூட்டிப்போய், வாழை இலையில் சாப்பாடு போட்டு, முள்காட்டுக்கு நடுவே நிற்கவைத்து வழவழ காகிதத்தைத்தானே கையில் கொடுக்கிறார்கள்? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பார்ப்பதுதான் பார்வை. பத்திரம் முடிந்தபிறகு பார்ப்பதற்குப் பெயர் புலம்பல்.

நான் நில அளவைத் துறையில் சங்கிலியோடு ஆரம்பித்து, ஜி.பி.எஸ். கருவி வந்த காலத்தில் ஓய்வுபெற்றவன். திண்டிவனம், செய்யூர் பக்கம் நான் அளக்காத ஓடைப் புறம்போக்கு குறைவு. இப்போது வருஷத்தில் சில மாதம் ஃபேர்ஃபீல்டில் மகள் வீட்டில் இருக்கிறேன். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் சாக்ரமெண்டோவுக்கும் நடுவில், சொலானோ கவுண்ட்டியின் (நம் மாவட்டம் மாதிரி) தலைநகர். மாப்பிள்ளைக்கு வாடகை கொடுத்துச் சலித்துவிட்டது. "மாமா, பக்கத்துல புது சிட்டியே வரப்போகுதாம், பிளானைப் பாருங்க" என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். பக்கத்தில் என்றால் நெடுஞ்சாலை 12-ல் கிழக்கே கொஞ்ச தூரம். பிளானைப் பார்ப்பதற்கு முன் நிலத்தைப் பார்க்கலாம் என்றேன்.

சூஸன் சிட்டியைத் தாண்டினால் ஊர் சட்டென்று முடிந்துவிடுகிறது. கோடையில் மொத்தமும் வைக்கோல் நிறம். மேய்ச்சல் நிலம், ஆட்டுக்கூட்டம், மானாவாரிக் கோதுமை. தெற்கே மாண்டசூமா குன்றுகள் முழுக்கக் காற்றாலைகள். மதியத்துக்கு மேல் வளைகுடாப் பக்கத்திலிருந்து அடிக்கும் காற்றில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். ஆரல்வாய்மொழிக் காற்று தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். வடக்கே ட்ராவிஸ் விமானப்படைத் தளம். தலைக்குமேல் போகும் சரக்கு விமானத்தின் வயிறு எண்ணெய் டேங்கர் லாரிகளை வரிசையாக விழுங்கும்போல இருக்கும். மண்ணை ஒரு பிடி எடுத்துக் கசக்கிப் பார்த்தேன். களி. கோடையில் வெடிக்கும், மழையில் ஒட்டும். புன்செய்தான், அதிலும் முதல் தரமில்லை. 'நல்ல விளைநிலத்தை அழிக்கவில்லை' என்று கம்பெனி சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

ஆனால் களிமண்ணுக்கு இன்னொரு குணம் உண்டு. அடியில் இறுகிப்போன தட்டு தண்ணீரைக் கீழே விடாது. மழைக்காலத்தில் பள்ளமெல்லாம் குட்டை, வெயில் வந்தால் குட்டை ஓரத்தில் வளையம் வளையமாகப் பூ. ஜெப்சன் பிரெய்ரி என்று அப்படி ஒரு பாதுகாக்கப்பட்ட இடம் அங்கேயே இருக்கிறது. அந்தச் சுற்றுவட்டாரத்தைத் தவிர உலகில் வேறெங்கும் காணாத ஒரு பச்சை வண்டு அங்கே வாழ்கிறது. அளவைப் புத்தகத்தில் 'தரிசு' என்று எழுதிவிட்டுப் போன இடங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தரிசு என்று எழுதியவன் ஐப்பசியில் வந்து பார்த்திருக்க மாட்டான்.

ஒரு தொழில் சந்தோஷத்தையும் சொல்லிவிடுகிறேன். வடக்குக் கலிஃபோர்னியாவின் பெரும்பகுதி அளவைக்கு மூலப்புள்ளி மவுண்ட் டயாப்லோ மலை உச்சி. 1851-ல் அங்கே புள்ளி வைத்துத்தான் ஆறு மைல் கட்டங்களாக நிலத்தை வகுத்தார்கள். தெளிவான நாளில் அந்த மலை இங்கிருந்தே தெரிகிறது. அவர்கள் பிடித்ததும் நம் துறை பிடித்த அதே 66 அடி சங்கிலி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், ஒரு சதுரச் சங்கிலி பத்து சென்ட். மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னேன். "அப்படியா மாமா" என்று சொல்லிவிட்டு ஃபோனைப் பார்த்தார்.

கணக்குக்கு வருவோம். கம்பெனி 2018-லிருந்து வாங்கிச் சேர்த்தது 60,000 ஏக்கருக்கு மேல். செலவு 90 கோடி டாலர் அளவில். வகுத்தால் ஏக்கர் சுமார் 15,000 டாலர், சென்ட் 150 டாலர். நம் பணத்தில் சென்ட் பன்னிரண்டு, பதின்மூவாயிரம் ரூபாய். திண்டிவனம் பைபாஸ் ஓரத்தில் இந்த விலை சொன்னால் தரகர் டீகூட வாங்கித் தரமாட்டார். ஆனால் இங்கே மேய்ச்சல் நிலத்துக்கு இது சந்தை விலையைப்போலப் பல மடங்கு. கம்பெனியே கோர்ட்டில் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. பரப்பளவு புரியவேண்டுமானால், சான் ஃபிரான்சிஸ்கோ நகரைப்போல இரண்டு மடங்கு. 2011-ல் விரிவாக்குவதற்கு முந்தைய சென்னை மாநகராட்சியைவிடப் பெரிது.

இத்தனையும் வாங்கியது யார் என்று ஐந்து வருஷம் யாருக்கும் தெரியாது. பத்திரத்தில் 'ஃப்ளானரி அசோசியேட்ஸ்' என்று ஒரு பெயர், டெலவேரில் பதிவு. அந்த மாநிலச் சட்டப்படி பின்னால் இருக்கும் முதலாளி பெயரை வெளியே சொல்லத் தேவையில்லை. விமானப்படைத் தளத்தை மூன்று பக்கமும் ஒட்டி நிலம் கைமாறுகிறது, வாங்குகிறவன் முகம் தெரியவில்லை என்றால் என்ன ஆகும்? சீனாக்காரனாக இருக்குமோ என்று சந்தேகம் கிளம்பியது. ஜான் கராமெண்டி, மைக் தாம்ப்சன் என்ற இரண்டு அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேள்வி எழுப்பினார்கள், மத்திய அரசே விசாரித்தது. கடைசியில் 2023 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் பெயர்களை வெளியிட்டது. கோல்ட்மன் சாக்ஸ் வங்கியில் வர்த்தகராக இருந்த யான் ஸ்ராமெக் முன்னால் நிற்கிறவர். பணம் போட்டவர்கள் செக்கோயா முதலீட்டு நிறுவனத்தில் இருந்த மைக்கேல் மொரிட்ஸ், லிங்க்ட்இன் தொடங்கியவர்களில் ஒருவரான ரீட் ஹாஃப்மன், முதலீட்டாளர் மார்க் ஆண்ட்ரீசன், ஸ்ட்ரைப் கம்பெனியின் கொலிசன் சகோதரர்கள், ஸ்டீவ் ஜாப்ஸின் மனைவி லாரீன் பவல் ஜாப்ஸ். கன்னிவாடிக் கந்தசாமி பெயரில் வாங்கிவிட்டுச் சென்னையில் உட்கார்ந்திருப்பவரை நாம் பினாமி என்போம். இங்கே அதற்குச் சட்டமே இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ரகசியத்துக்குக் கம்பெனி சொல்லும் காரணம் எனக்குப் புரியாததில்லை. பெயர் தெரிந்தால் விலை ஏறும். புறவழிச்சாலை வருகிறது என்று தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரு வார்த்தை விழுந்தால் மறுநாளே விலை என்ன ஆகும் என்று நான் கண்ணால் பார்த்தவன். மலிவாக வாங்க நினைப்பது வியாபாரம். அதற்கு அடுத்து அவர்கள் செய்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

2023 மே மாதம், அதாவது முகம் வெளியே தெரிவதற்கு முன்பே, நிலம் விற்க மறுத்த, விலை கூடக் கேட்ட விவசாயிகள்மேல் மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது கம்பெனி. 'எல்லோரும் கூட்டுச் சேர்ந்து விலையை ஏற்றுகிறார்கள், இது போட்டிச் சட்டத்துக்கு விரோதம்' என்று 51 கோடி டாலர் நஷ்டஈடு கேட்டு. நினைத்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள், சிலர் அண்ணன் தம்பி, சித்தப்பா மகன். 'அவன் என்ன விலைக்குக் கேட்டான், உனக்கு எவ்வளவு சொன்னான்' என்று ஒருவரை ஒருவர் கேட்காமல் இருப்பார்களா? எங்கள் ஊரில் வரப்பில் நின்று பேசுவது அதுதானே. பெயரை மறைத்துக்கொண்டு ஒரே ஆள் நூற்று நாற்பது சொத்தை வாங்கலாம்; விற்கிறவர்கள் இருவர் பேசினால் சதி! தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்த குடும்பங்கள் வக்கீல் ஃபீஸ் பயந்தே சமரசத்துக்குப் போனால் ஆச்சரியப்பட மாட்டேன், பலர் போனார்கள். வழக்கில் சட்டப்படி யார் பக்கம் நியாயம் என்பது கோர்ட் சொல்லவேண்டியது. நாளைக்கு இந்த ஊரில் நான் வீடு வாங்கி, சாக்கடை சரியில்லை என்று பத்துப் பேரோடு சேர்ந்து மனு கொடுத்தால் இவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதற்கு எனக்கு இது ஒரு சாம்பிள். ஒரு மதிப்பெண்ணுக்குக் காரணம் இதுதான்.

இனி வரைபடம். நாலு மதிப்பெண்ணை நான் சும்மா தரவில்லை.

அமெரிக்காவில் சாதாரணமாகப் புது லே-அவுட் என்றால் வளைந்து வளைந்து போய் முட்டுச்சந்தில் முடியும் தெரு, கார் இல்லாமல் ஒரு பால் பாக்கெட் வாங்க முடியாத தூரம். மகள் வீட்டுத் தெருவே அப்படித்தான். சாயங்காலம் நடக்கப் போனால் எதிரே ஒரு மனிதமுகம் இருக்காது. இந்தத் திட்டத்தில் நேர்த்தெருக்கள், ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகள், நடக்கும் தூரத்தில் பள்ளிக்கூடமும் கடையும், பஸ்ஸுக்குத் தனித்தடம். சான் ஃபிரான்சிஸ்கோவில் நகரத் திட்ட அமைப்பொன்றைப் பல வருஷம் நடத்திய கேப்ரியல் மெட்கஃப் என்பவர் திட்டப் பொறுப்பில் இருந்திருக்கிறார். வேலை தெரிந்தவர் கைபட்டது தெரிகிறது. 2024-ல் காட்டிய பிளானில் 17,500 ஏக்கரில் நாலு லட்சம் பேர்வரை. தலைக்கு நாலேகால் சென்ட் சொச்சம், அதுவும் ரோடு, பூங்கா, தொழிற்பேட்டை எல்லாம் சேர்த்து. அமெரிக்கக் கணக்குக்கு நெருக்கம், நம் கணக்குக்கு விசாலம். விமானதளப் பக்கம் வீடு வராமல் இடைவெளி விட்டிருக்கிறார்கள். வயதான என் போன்றவர்கள் கார்ச் சாவி கையில் இல்லாமல் வாழக்கூடிய ஊர் என்று படத்தில் தெரிகிறது. மகள் இதைப் பார்த்துவிட்டு, "அப்பா, உங்களுக்காகவே போட்ட மாதிரி இருக்கு" என்றாள். படத்தில் எல்லோரும் சைக்கிளில் சிரித்துக்கொண்டு போகிறார்கள். அந்தக் காற்றில் சைக்கிள் மிதித்தவர் யாரும் சிரித்ததாக எனக்குத் தகவல் இல்லை.

உறுதிமொழிகளும் நிறைய. வீடு வாங்க முன்பண உதவி உள்பட வீட்டுவசதிக்கு 40 கோடி டாலர். வல்லேஹோ, ஃபேர்ஃபீல்டு மாதிரி இருக்கும் ஊர்களின் கடைத்தெருக்களைப் புதுப்பிக்க 20 கோடி. குறைந்தது 88,000 டாலர் சம்பளத்தில் 15,000 வேலை; அது வராவிட்டால் ஜனத்தொகை 50,000-ஐத் தாண்டாது என்று தமக்குத்தாமே ஒரு பூட்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் 2024 நவம்பர் தேர்தலில் மக்கள் ஓட்டுக்கு வைக்கவிருந்த மனுவில் எழுதியவை. அந்த மனுவை ஜூலையிலேயே கம்பெனி வாபஸ் வாங்கிவிட்டது. சட்டமாகாத உறுதிமொழிக்கு வில்லங்கச் சான்றில் இடம் கிடையாது. இனி நகர நிர்வாகத்தோடு போடும் ஒப்பந்தத்தில் என்ன எழுதுகிறார்களோ அதுதான் கணக்கு. பழைய நோட்டீஸைக் காட்டி யாராவது விளக்கினால் தேதியைப் பாருங்கள்.

ஏன் ஓட்டு என்று தெரியாதவர்களுக்கு: சொலானோவில் 1984-லிருந்து ஒரு கட்டுப்பாடு. நகர எல்லைக்கு வெளியே இருக்கும் விவசாய நிலத்தை ஊராக்க வேண்டுமானால் கவுண்ட்டி முழுவதும் ஓட்டுப் போட்டுச் சம்மதிக்க வேண்டும். ஜனங்களே கொண்டுவந்தது, மறுபடி மறுபடி நீட்டித்து 2028 வரை வைத்திருக்கிறார்கள். சிலிக்கான் வேலியின் வீக்கம் நாலு பக்கமும் பரவியபோது இந்தக் கவுண்ட்டி இன்னும் ஏழு ஊர்களாகத் தனித்தனியே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். எங்கள் செங்கல்பட்டுப் பக்கம் இப்படி ஒன்று இருந்திருந்தால் எத்தனை ஏரி மிஞ்சியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனி இப்போது பிடித்திருக்கும் வழி வேறு. சூஸன் சிட்டி 30,000 பேருக்கும் குறைவாக வாழும், கஜானா காலியான சின்ன ஊர். அந்த ஊரின் எல்லையை விரித்து இந்த நிலத்தை உள்ளே இழுத்துவிட்டால், நகர எல்லைக்குள் வந்த நிலத்துக்குக் கவுண்ட்டி ஓட்டு தேவைப்படாது. 2025 அக்டோபரில் 20,000 ஏக்கருக்கு மேல் சேர்த்துக்கொள்ளச் சொல்லி விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். லாஃப்கோ என்ற எல்லை நிர்ணய ஆணையமும் சம்மதிக்க வேண்டும், சுற்றுச்சூழல் அறிக்கையும் வேண்டும். குறுக்கு வழி என்று எதிர்ப்பவர்கள் சொல்கிறார்கள். சட்டத்தில் இருக்கிற வழிதான் என்று கம்பெனி சொல்கிறது. இரண்டும் உண்மை. ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்கும் அரசாணை வருவதற்கு ஆறு மாதம் முன்னால் அங்கே யார் யார் நிலம் வாங்கினார்கள் என்று பதிவேட்டைப் புரட்டியவனுக்கு இதில் புதிதாக அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை.

வீட்டோடு நிற்காமல் 2025-ல் தொழிற்பேட்டையும், காலின்ஸ்வில்லில் கப்பல் கட்டும் தளமும் அறிவித்திருக்கிறார்கள். ஆற்று ஆழத்தைப் பற்றி எனக்குத் தெரியாது, அதனால் தாண்டிப்போகிறேன்.

தண்ணீர். மனை வாங்கப் போகிறவன் முதலில் கேட்கவேண்டியது இது. ஆற்றைப் பார்த்து ஏமாறாதீர்கள். சாக்ரமெண்டோ ஆறு பக்கத்தில் ஓடுகிறது என்பதால் அது உங்கள் ஆறு ஆகிவிடாது. இங்கே ஒவ்வொரு சொட்டுக்கும் உரிமைப்பத்திரம் உண்டு, யார் முதலில் எடுத்தார் என்று வரிசை உண்டு, வறட்சி வந்தால் வரிசையில் பின்னால் நிற்பவருக்கு நிறுத்துவார்கள். முதல் கட்டத்துக்குத் தண்ணீர் கையில் இருக்கிறது என்கிறது கம்பெனி. கலிஃபோர்னியாவில் 500 வீட்டுக்கு மேற்பட்ட திட்டம் என்றால் அடுத்த 20 வருஷத்துக்கு, வறட்சி ஆண்டுகள் உள்பட, தண்ணீர் எங்கிருந்து வரும் என்று மதிப்பீடு காட்டவேண்டும். 2001-லேயே வந்த சட்டம். நம்மூர் அப்ரூவலில் 'போர்வெல்' என்று ஒரு வரி எழுதி முடிப்பதை நினைத்து வெட்கப்பட்டேன். அந்த மதிப்பீடு நாலு லட்சம் பேருக்கும் தாங்குமா என்பதைப் பார்த்துத்தான் நட்சத்திரம்.

பாதை அதைவிட மோசம். நெடுஞ்சாலை 12 சூஸனிலிருந்து ரியோ விஸ்டா வரைக்கும் பெரும்பாலும் போக ஒன்று, வர ஒன்று. விபத்துக்குப் பெயர்போனது. ரியோ விஸ்டாவில் ஆற்றின்மேல் இருப்பது தூக்குப் பாலம். கப்பல் வந்தால் பாலம் மேலே போகும், கார்கள் வரிசையில் நிற்கும். நாங்களும் நின்றோம். எனக்குப் பாம்பன் ஞாபகம் வந்து சந்தோஷம். வேலைக்குப் போகிறவனுக்கு அந்தச் சந்தோஷம் இருக்காது. ரயிலுக்கு சூஸன்-ஃபேர்ஃபீல்டு நிலையத்துக்குத் திரும்பி வரவேண்டும். வேலையும் அங்கேயே வந்துவிடும் என்பதுதான் கம்பெனியின் பதில். வேலை முன்னால் வருமா, வீடு முன்னால் வருமா, ரோடு முன்னால் வருமா என்று வருஷம் போட்டு எழுதிய அட்டவணை எதிலும் என் கையெழுத்து வாங்கும் அளவுக்குத் தெளிவில்லை. சொலானோ கவுண்ட்டி 2024-ல் வெளியிட்ட ஆய்விலேயே ரோடு, பள்ளி, சாக்கடைச் செலவு பல நூறு கோடி டாலரில் போகிறது. அதில் எவ்வளவு புதுவீட்டுக்காரன் வரிச்சீட்டில் வந்து விழும்? மாப்பிள்ளை மாதிரி ஆட்கள் கேட்கவேண்டிய கேள்வி அதுதான். சைக்கிள் படத்தைப் பார்த்து நேரத்தைப் போக்கக்கூடாது.

எதிர்ப்பவர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. 'கோடீஸ்வரன் ஊர் வேண்டாம்' என்று சொல்கிறவர்கள், நர்ஸும் வாத்தியாரும் எங்கே குடியிருப்பது என்று கேட்டால், இருக்கிற ஊர்களிலேயே கட்டலாம் என்கிறார்கள். சரியான பதில்தான். ஆனால் அந்த ஊர்களில் நாலு மாடி கட்ட யாராவது மனுப்போட்டால் நிழல் விழுகிறது, பார்க்கிங் போய்விடும் என்று எழுந்து நிற்பவர்களும் அக்கம்பக்கத்துக்காரர்கள்தான். என் மகள் சம்பளத்துக்கு இங்கே வீடு எட்டாமல் இருப்பதற்கு ஃப்ளானரி காரணமில்லை.

மாப்பிள்ளைக்கு நான் சொன்னது இது: "விண்ணப்பம் சூஸன்ல இருக்கு, அறிக்கை வரணும், ஆணையம் பார்க்கணும், யாராவது கோர்ட்டுக்குப் போவாங்க, அதுக்கப்புறம் ரோடு. உங்க பொண்ணு காலேஜ் முடிக்கறதுக்குள்ள முதல் தெரு வந்தா அதிசயம். பேர் எழுதிவைக்கறதுக்குக் காசு கேக்கலைன்னா எழுதுங்க. வாடகையை மட்டும் இதுக்காக நீட்டாதீங்க." அவர், "அப்ப வேகவில் ஊர்ல பார்த்த அந்தப் பழைய வீடு மாமா?" என்றார். சனிக்கிழமை டேப்போடு போகிறோம். பின்பக்க வேலி பக்கத்து வீட்டுக்குள் ஓரடி நகர்ந்திருப்பதாக எனக்குச் சந்தேகம்.